டர்பன் ஹோண்டா டியூனிங் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், கிளேர்வுட் பகுதிகளில் ஹோண்டா கார்களை டியூன் செய்து தரும் பட்டறை உரிமையாளர்களுக்கும், உதிரிபாகக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

இன்ஜினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு கேட்டு வருகிறவரிடம், அவருடைய இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் பெரும்பாலும் ஓடப் போகிறது என்பதை முதலில் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை எந்த மேனிஃபோல்டையும் விற்காதீர்கள். இந்த மடலின் வேண்டுகோள் அவ்வளவுதான். சிலிண்டர் ஹெட் (வால்வுகள் அமைந்த இன்ஜின் மேல்பகுதி) வேலை செய்யும் கடைசல் பட்டறைக்காரன் என்ற முறையில், உங்களிடம் வாங்கிய மேனிஃபோல்டோடு என்னிடம் வந்து நிற்கும் இளைஞர்களின் முகத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1982 முதல் 2000 வரை நம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் தொழிற்சாலையிலேயே ஹோண்டா பல்லாட் கார்கள் செய்யப்பட்டன. அப்பா ஓட்டிய அந்தக் கார்தான் இன்று பிள்ளைகள் கையில் டியூனிங் காராக இருக்கிறது. வீட்டாருக்குத் தெரிந்தோ தெரியாமலோ சேர்த்த பணம் அதில் போகிறது. மேனிஃபோல்டோ வெளிநாட்டிலிருந்து வருகிற பொருள். ராண்டு சரியும்போதெல்லாம் அதன் விலை ஏறுகிறது. இவ்வளவு செலவழித்து வாங்கிய பொருள் காரின் வேகத்தைக் குறைக்குமானால், அதை விற்றவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

சென்ற ஆண்டு ஒரு தம்பி 1.8 லிட்டர் பல்லாட் ஒன்றைக் கொண்டுவந்தார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு கொண்ட இன்ஜின், வீடெக் (மேல் சுற்றில் வால்வைக் கூடுதலாகத் திறக்கும் ஹோண்டா ஏற்பாடு) இல்லாதது, கேம்ஷாஃப்டும் கம்ப்ரஷனும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தன. அதில் குட்டையான ரன்னரும் (சிலிண்டருக்குப் போகும் குழாய்) பெரிய பிளீனமும் (ரன்னர்கள் தொடங்கும் பொதுக் காற்றறை) கொண்ட பந்தய மேனிஃபோல்டும், காற்று நுழையும் வாயான 70 மில்லிமீட்டர் திராட்டில் பாடியும் பொருத்தப்பட்டிருந்தன. ஹிகின்சன் சாலையில் ஒவ்வொரு ரோபோட் (போக்குவரத்து) விளக்கிலும் நின்று புறப்படுகிறபோது கார் இழுக்கவே மறுக்கிறது என்றார். இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தோம். 5,000 சுற்றுக்குக் கீழே எங்கும் முறுக்குவிசை பழைய மேனிஃபோல்டை எட்டவில்லை. மேலே கிடைத்த சிறு லாபமோ, அந்த இன்ஜின் ஏறத்தாழ 7,000 சுற்றில் மூச்சு முடிந்து நிற்கும் இடத்துக்கு அருகில்தான் தொடங்கியது. விற்ற கடை எது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கடையில் யாரும் அவரிடம் கேம்ஷாஃப்ட் என்ன என்று கேட்கவில்லை என்பது மட்டுமே இங்கே முக்கியம்.

இது ஏன் நேர்கிறது என்பதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கும்போது ஓர் அழுத்தக் குறைவு அலை ரன்னர் வழியாக மேலே ஓடுகிறது. அது பிளீனத்தின் விரிந்த வெளியை அடைந்ததும் அழுத்த அலையாகத் திரும்பி வால்வை நோக்கி வருகிறது. இன்டேக் வால்வு மூடுவதற்குச் சற்று முன்பு அந்த அலை வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் கூடுதல் காற்று தள்ளப்படும். சூடான இன்டேக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். ஹெட்டுக்குள் இருக்கும் காற்றுவழியான போர்ட்டையும் சேர்த்து மொத்தப் பாதை 450 மில்லிமீட்டர் என்றால், போய்த் திரும்ப அலைக்கு ஏறத்தாழ 2.6 மில்லிநொடி பிடிக்கும். அந்த நேரத்தில் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் 5,000 சுற்றில் 78 பாகையும், 8,000 சுற்றில் ஏறத்தாழ 125 பாகையும் திரும்பியிருக்கும். அலையின் நேரம் மாறுவதில்லை, இன்ஜினின் நேரம்தான் மாறுகிறது. ஆகவே ஒரு நீளம் ஒரு சுற்று வரம்புக்கே நன்றாக உதவும். ரன்னரைக் குட்டையாக்கினால் அந்த வரம்பு மேலே போகும், நீட்டினால் கீழே வரும். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட் இல்லாத இன்ஜினுக்கு மேலே போன வரம்பால் ஒரு பயனும் கிடையாது.

இந்தச் சிக்கலை ஹோண்டாவே எப்படிக் கையாண்டது என்பதைப் பாருங்கள். இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர் காரின் பி18சி இன்ஜினுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பாதைகள் வைத்தார்கள். ஏறத்தாழ 5,750 சுற்றுவரை ஒரு பாதை மட்டும், அதற்குமேல் பட்டர்ஃபிளை வால்வு திறந்து இரண்டும். அதே குடும்பத்து டைப் ஆர் இன்ஜினில் அந்த ஏற்பாட்டை முழுவதும் எடுத்துவிட்டு, ஒற்றைக் குட்டை ரன்னரையும் 62 மில்லிமீட்டர் திராட்டில் பாடியையும் வைத்தார்கள். 8,000 சுற்றைத் தாண்டி ஓடும் கேம்ஷாஃப்டும், அதற்கேற்ற கியர்களும் அந்தக் காரில் இருந்தன. மற்ற மாற்றங்களோடு சேர்ந்த மாற்றம் அது. நம்மவர்கள் மேனிஃபோல்டை மட்டும் தனியே பிரித்தெடுத்து வாங்குகிறார்கள்.

ஆகவே என் பரிந்துரையை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கேம்ஷாஃப்ட் மாற்றாத 1.8 பல்லாட்டுக்கு அதன் சொந்த மேனிஃபோல்டே போதும். அதைக் கழுவி, கேஸ்கெட்டுக்குச் சமமாகப் போர்ட்டைச் சீர்செய்து, மிச்சப் பணத்தைப் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் ஹெடருக்கும், இன்ஜின் கணினியின் பெட்ரோல் அட்டவணையைத் திருத்தும் மேப்பிங்குக்கும் செலவிடட்டும். 1.6 வீடெக் இன்ஜினில் மிதமான கேம்ஷாஃப்ட் போட்டு 8,500 சுற்றுவரை ஓட்டுகிறவருக்கு டைப் ஆர் வடிவ மேனிஃபோல்டு நல்ல தேர்வு. ஸ்கங்க்2 நிறுவனத்தின் ப்ரோ வரிசையும் இதே போக்கில் செய்யப்பட்டதுதான். பெரிய பிளீனம் கொண்ட பந்தய வகைகள் 9,000 சுற்றை நோக்கிக் கட்டிய இன்ஜின்களுக்கும், காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ வைத்த இன்ஜின்களுக்கும் உரியவை. டர்போ காரில் குறைந்த சுற்றில் வரும் இழப்பை அழுத்தம் ஓரளவு மறைத்துவிடும் என்றாலும், பிளீனத்தின் வடிவம் சரியில்லாமல் ஒரு சிலிண்டருக்குக் காற்று கூடி, அதில் பெட்ரோல் கலவை மெலிந்தால் உருகுவது அந்தப் பிஸ்டன்தான்.

சிலிண்டர்கள் அமைந்த 1.8 பிளாக்கின்மேல் வீடெக் ஹெட் ஏற்றும் வேலை நம் ஊரில் அதிகம் நடக்கிறது. அங்கே மேனிஃபோல்டு பொருந்த வேண்டியது ஹெட்டுக்குத்தான், பிளாக்குக்கு அல்ல. பி16ஏ என்ற 1.6 வீடெக் ஹெட்டுக்கும் டைப் ஆர் ஹெட்டுக்கும் ஒரே மேனிஃபோல்டு சேரும், ஜிஎஸ்-ஆர் ஹெட்டின் முகப்பு வேறு, வீடெக் இல்லாத பி18பி ஹெட்டின் முகப்பும் வேறு. பெட்டியில் ‘பி சீரிஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதால் எத்தனையோ பேர் இரண்டாம் முறை கடைக்கு நடக்கிறார்கள்.

பொருத்துவதற்கு முன் கேஸ்கெட்டை ஹெட்டின்மேல் வைத்து ஓரத்தைக் கோடிழுங்கள். பிறகு அதே கேஸ்கெட்டை மேனிஃபோல்டின்மேல் வையுங்கள். மேனிஃபோல்டின் வாய் போர்ட்டைவிட மயிரிழை சிறியதாக இருந்தால் கெடுதல் இல்லை. பெரியதாக இருந்தால் காற்று நேராக வந்து ஹெட்டின் விளிம்பில் மோதும், அதைச் சரிசெய்யாமல் பொருத்தக் கூடாது. நேர்கோலை முகப்பில் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். பிளீனத்துக்குள் விரலை விட்டு ரன்னரின் வாயைத் தடவுங்கள். நல்ல மேனிஃபோல்டில் அந்த வாய் எக்காளத்தின் வாய்போல் வளைந்து விரிந்திருக்கும். மலிவான நகல்களில் அது கத்தி விளிம்பாக நிற்கும், சிலவற்றில் வார்ப்பு மணலும் வெல்டிங் பிசிறும் கையில் வரும். அவை இன்ஜினுக்குள் போகும் பாதை அது. ஐடில் வால்வுக்கும் பிரேக் பூஸ்டர் குழாய்க்கும் இடம் இருக்கிறதா, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும் நம் கார்களில் திராட்டில் பாடி பிரேக் பூஸ்டரில் இடிக்காமல் இருக்குமா என்பதையும் வாங்குமுன்பே பார்த்துச் சொல்லலாம்.

நான் மிகவும் கவலைப்படுவது மேப்பிங்கைப் பற்றித்தான். இந்த ஹோண்டாக்களில் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் சுற்றையும் வெப்பத்தையும் வைத்து ஈசியு என்னும் இன்ஜின் கணினி காற்றைக் கணக்கிட்டு, அட்டவணையில் எழுதியுள்ளபடி பெட்ரோல் விடுகிறது. மேனிஃபோல்டு மாறியதை அது அறியாது. முழு அழுத்தத்தில் முன்பைவிடக் கூடுதல் காற்று உள்ளே போகும் மேல் சுற்றுகளில் கலவை மெலியும், கலவை தானாக வெடித்து இன்ஜினைத் தட்டும் நாக்கிங் தொடங்கும். காற்று குறைந்த நடுச் சுற்றுகளில் பெட்ரோல் கூடி, கார் இன்னும் மந்தமாகும். பொருத்திக் கொடுத்துவிட்டு ‘மேப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாவியைக் கொடுப்பது தவறு. அந்தப் பையன் அன்று இரவே என்3 நெடுஞ்சாலையில் முழுத் திராட்டிலில் ஓட்டிப் பார்ப்பான் என்பது உங்களுக்கும் தெரியும்.

டைனோ தாள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குக்குமேல் குறைவு, டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். அங்கே உயரத்துக்கான திருத்தக் கணக்குப் போட்டு அச்சிட்ட எண்ணை டர்பன் டைனோ எண்ணோடு பக்கத்தில் வைத்து, ‘இந்த மேனிஃபோல்டு இவ்வளவு கொடுக்கும்’ என்று காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்ததே தவிர உயரத்தைப் பொறுத்ததல்ல என்பதால், அங்கே பொருத்தமான ரன்னர் நீளம் இங்கேயும் பொருந்தும். ஆகவே டைனோ தாளில் உள்ள வளைகோட்டின் வடிவத்தை ஒப்பிடுங்கள், உச்ச எண்ணை ஒப்பிடாதீர்கள்.

ஒரே காரை, ஒரே நாளில், ஒரே டைனோவில், பழைய மேனிஃபோல்டோடும் புதியதோடும் ஏற்றி, இரண்டு முறையும் மேப் செய்து எடுத்த தாள்கள் நம் ஊர் இன்ஜின்களுக்கு இல்லை. மேனிஃபோல்டு விற்கும் பட்டறைகள் ஒவ்வொன்றும் தாம் அதிகம் விற்கும் வகைக்கு இப்படி ஒரு தாள் எடுத்து, 3,000 சுற்றிலிருந்து முழு வளைகோட்டையும் காட்டிக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன்வருகிற பட்டறைக்கு ரன்னர் நீளம், போர்ட் அளவு, பிளீனக் கொள்ளளவு ஆகியவற்றை அளந்து கொடுக்கும் வேலையைக் கூலி வாங்காமல் நான் செய்து தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு என் பட்டறை அதற்காகத் திறந்திருக்கும்.

இங்ஙனம்,
சிலிண்டர் ஹெட் பட்டறைக்காரர் ஒருவர்,
டர்பன்