நண்டுக் குஞ்சு ஒதுங்க இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணக்குடி காயலின் ஒரு பகுதியில் கரையோரப் புதர்களை மண் அள்ளும் இயந்திரத்தால் வழித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். படத்தில் கரை பளிச்சென்று இருந்தது. கீழமணக்குடியில் 27 ஆண்டுகளாக நண்டு வாங்கி விற்பவன் நான். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

காயலில் பிடிபடும் சேற்று நண்டு காயலிலேயே குஞ்சு பொரிக்கிறது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது தவறு. இங்கே சேற்றில் இணை சேரும் பெட்டை நண்டு, சினை முற்றும் காலத்தில், காயல் கடலோடு சேரும் வாயான பொழிமுகம் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. வயிற்று மடலுக்கு அடியில் அது சுமக்கும் முட்டைகள் பத்து லட்சத்தைத் தாண்டும். முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டை, குஞ்சின் கண் உருவாக உருவாகக் கறுத்துக்கொண்டே வரும்.

ஒருமுறை, கடலில் வலை போட்ட வள்ளக்காரர் ஒருவர் அப்படிக் கறுத்த சினையோடு ஒரு நண்டைக் கொண்டுவந்தார். விற்க மனம் வரவில்லை. கடல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு வைத்தேன். மறுநாள் விடியும் முன் டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்கத் தூசி பறப்பது போல் இருந்தது. வெளிச்சத்தை ஓர் ஓரத்தில் காட்டினேன். அத்தனை தூசியும் அந்த ஓரத்துக்கு வந்து மொய்த்தது. நாகர்கோவிலில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் என் வாடிக்கையாளர். அன்று நண்டு வாங்க வந்தவர், ஒரு துளியை எடுத்து லென்ஸ் வழியாகக் காட்டினார். நண்டுச் சாயலே இல்லை. பெரிய கண், நெற்றியில் ஒரு முள், முதுகில் ஒரு முள், பின்னால் மெல்லிய வால். சோயியா என்று அதற்குப் பெயர் சொன்னார்.

அவர் போன பிறகு, தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். மாலைக்குள் எல்லாம் செத்து அடியில் சாம்பல் போல் படிந்துவிட்டன. உப்பு குறைந்தால் அந்தப் பருவத்துக் குஞ்சு தாங்காது என்பது பிறகுதான் தெரிந்தது. தாய் நண்டு எதற்காகக் கடல் வரை போகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. காலையிலேயே கொண்டுபோய்க் கடலில் விட்டிருக்க வேண்டும். இன்று வரை மனத்தில் உறுத்துகிறது.

கடலில் பிழைக்கும் சோயியா இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஐந்து முறை ஓடு கழற்றி, மெகலோபா என்னும் அடுத்த உருவத்துக்கு வருகிறது. முன்னால் நண்டுக் கொடுக்கு, பின்னால் இறாலின் வால். கரையைத் தேடி வருவது இந்தப் பருவத்தில்தான். இப்படிப் பல நண்டினங்களின் குஞ்சுகள், இரவில் கடல்நீர் காயலுக்குள் ஏறும் நேரம் பார்த்து நீரோடு எழும்பி உள்ளே வருகின்றன. நீர் வடியும்போது அடியில் பதுங்கிக்கொள்கின்றன. சில நாள் கழித்து இன்னொரு முறை ஓடு கழற்றும்போது வால் வயிற்றுக்கு அடியில் மடங்கிவிடும். அப்போதுதான் அது நண்டு. அளவு ஓர் உளுந்து இருக்கும்.

உளுந்தளவு நண்டை எது தின்னாது? மீன் தின்னும், பறவை தின்னும், பெரிய நண்டு தின்னும், கூடப் பிறந்ததே தின்னும். ஓடு கழற்றிய உடனே உடம்பு பஞ்சு போல் இருப்பதால் அப்போது ஒளிந்தே ஆக வேண்டும். தாழை வேரும் கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் வேரும் கோரையும் அழுகிய இலையும்தான் ஒளியும் இடம். இப்போது வழித்தெடுத்த அதே இடத்தில், சென்ற ஆண்டு வேரடியிலிருந்து இலைச் சக்கையை ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டுப் பார்த்தேன். பதினொரு குஞ்சுகள் பக்கவாட்டில் ஓடின. எல்லாமே விற்கிற சேற்று நண்டின் குஞ்சுகள் அல்ல, வேறு வகைகளும் இருந்தன. கடந்த ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று கை அள்ளினேன். வெறும் களிமண்தான் வந்தது.

கோடையில் மணல் ஏறிப் பொழி அடைந்துவிட்டால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. அது கடலும் மழையும் பார்த்துக்கொள்கிற காரியம். பொழி திறந்து, அத்தனை ஆபத்தையும் தாண்டி உள்ளே வந்த கொஞ்சத்துக்கும் ஒதுங்க இடமில்லாமல் செய்வது நாம்.

தூய்மைப் பணியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையாற்று வெள்ளத்தில் மிதந்து வரும் ஆகாயத்தாமரையைத் தாராளமாக அகற்றலாம். அது உப்புநீரில் தானாகவே கருகிவிடும் செடி. பிளாஸ்டிக்கையும் மது பாட்டில்களையும் ஆட்களை இறக்கிக் கையால் பொறுக்கட்டும். அந்த வேலைக்கு எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் நானும் வருவேன். வேரோடு நிற்கும் செடிகளை மட்டும், நீர் விளிம்பிலிருந்து பத்தடி அகலத்துக்காவது விட்டுவிட வேண்டும். கரையில் கருங்கல் சுவர் கட்டப் போவதாகவும் பேச்சு இருக்கிறது. கல்லில் கண்டல் முளைக்காது.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மாவட்டமே மகிழ்ந்தது. குளத்துக்கு வரும் பறவைகளைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மணக்குடிச் சேற்றில் நீண்ட அலகால் குத்திக் குத்தி அந்தப் பறவைகளில் பல தேடுவதும் இந்தக் குஞ்சுகளைத்தான்.

பாலத்துக்குக் கிழக்கே இன்னும் கொஞ்சம் தாழையும் கண்டலும் மிச்சம் இருக்கின்றன. அங்கே இயந்திரம் வருவதற்குள் இக்கடிதத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நண்டு வியாபாரி,
கீழமணக்குடி, கன்னியாகுமரி மாவட்டம்.