முதுகுவலி டிராயிங்கிலேயே தொடங்கிவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட், கையுறை, பிறகு ‘முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள்’ என்ற அறிவுரை. எதுவும் தவறில்லை. ஆனால் 19 ஆண்டுகளாக இயந்திரப் பராமரிப்பில் ஃபிட்டராக இருப்பவன் என்ற முறையில், சொல்ல வேண்டியதில் பாதிதான் வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. மீதிப் பாதி, இயந்திரத்தையும் பொருளையும் டிராயிங்கில் வடிவமைக்கும் விதத்தில் இருக்கிறது.

முழங்காலை மடக்கச் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு உயரமுள்ள இரும்புத் தொட்டியின் அடியில் ஒரு வார்ப்பு, அதாவது உருக்கி வார்த்த உலோகப் பாகம், கிடக்கிறது. எடுக்கப் போனால் தொட்டியின் சுவர் முழங்காலில் இடிக்கிறது, எங்கே மடக்குவது? விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து, கையை முழுக்க நீட்டித்தான் எடுக்க முடியும். எத்தனை பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து வந்தவரும் அப்படித்தான் எடுப்பார்.

பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், ஒருவர் எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிட 1991-இல் திருத்திய தூக்குதல் சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால்தான்: தரையிலிருந்து 75 செ.மீ. உயரம், கணுக்காலிலிருந்து 25 செ.மீ.க்குள் பொருள், நல்ல பிடி, உடலைத் திருப்பத் தேவையில்லை. அதே பொருள் 50 செ.மீ. தள்ளி இருந்தால் வரம்பு நேர் பாதியாகி, பதினொன்றரை கிலோவுக்கு வந்துவிடும். குனிந்தால், திரும்பினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். அந்த 50 செ.மீ. தொழிலாளி தேர்ந்தெடுத்ததல்ல, தொட்டியை வரைந்தவர் கொடுத்தது. ஒரு பக்கச் சுவரைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்திருக்கலாம். தொட்டியைச் சாய்த்துக் கொடுக்கும் மேடையும் சந்தையில் இருக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நிரப்பும் இயந்திரம் இருந்தது. அதன் ஃபில்டரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். வைத்திருந்த இடமோ மோட்டாருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ஒருக்களித்துப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே நான்கு போல்ட்டைக் கழற்றுவோம். மூன்று பேருக்குத் தோள்வலி வந்தது, அதில் நானும் ஒருவன். வயதாகிறது என்றார்கள். பிறகு அதே வேலைக்கு வேறொரு இயந்திரம் வந்தது. அதில் ஃபில்டர் நெஞ்சுயரத்தில், முன்பக்கக் கதவுக்குப் பின்னால், கையாலேயே திருகும் மூடியோடு இருந்தது. 40 நிமிட வேலை 5 நிமிடத்தில் முடிந்தது. இத்தனை ஆண்டு நாங்கள் பட்டது தேவையே இல்லாத பாடு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எர்கோனாமிக்ஸ், அதாவது வேலையை ஆளின் உடலுக்குத் தக்கபடி அமைப்பது, என்றவுடன் பலருக்கும் நாற்காலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. செய்கிற பொருளிலேயே அது இருக்க வேண்டும். அடிப்பக்கம் ஒரு ஸ்க்ரூவை வைத்தால், அசெம்பிளி லைனில் ஒருவர் ஷிப்ட் முழுக்க மணிக்கட்டை வளைத்தே முறுக்க வேண்டும். அதை மேற்பக்கம் கொண்டுவர முடியுமா என்று டிராயிங் நிலையிலேயே கேட்கலாம். மூட்டையும் அப்படித்தான். பிரிட்டனில் 50 கிலோவாக இருந்த சிமென்ட் மூட்டை 25 கிலோவானது. ஒன்று, எளிதாகத் தூக்கும் எடையில் இருக்கட்டும். இல்லையென்றால் பளு தூக்கும் ஹாய்ஸ்ட் இல்லாமல் யாரும் கை வைக்கவே நினைக்காத பெரிய பையாக இருக்கட்டும். ‘ஒரு கை பிடி, தூக்கிடலாம்’ என்று சொல்ல வைக்கும் நடுத்தர எடைதான் ஆளைச் சாய்க்கிறது.

மேசை உயரத்தைப் பற்றிக் கேட்டால் ‘சராசரி ஆளுக்குத்தான் வைத்திருக்கிறோம்’ என்பார்கள். 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,000-க்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. விமானி உட்காரும் காக்பிட்டுக்கு முக்கியமான 10 அளவுகளை எடுத்துக்கொண்டு கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் பார்த்தபோது, பத்திலும் சராசரியை ஒட்டி இருந்தவர் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு, ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் இருக்கைகள் வந்தன. நுணுக்கமான வேலைக்கு மேசை முழங்கைக்குச் சற்று மேலேயும், அழுத்திச் செய்யும் வேலைக்கு நன்றாகக் கீழேயும் இருக்க வேண்டும். குட்டையானவரும் நெட்டையானவரும் மாறி மாறி நிற்கும் இடத்தில் ஒரே உயரம் எப்படிப் பொருந்தும்?

செலவாகும் என்பார்கள். வாங்கி, அஸ்திவாரம் போட்டு, பைப் இழுத்த பிறகு மாற்றினால் செலவுதான். டிராயிங்கில் மாற்றுவது கோட்டை அழித்து வேறு கோடு போடுகிற வேலை. டிராயிங் படிக்கத் தெரியாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்றால், அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, இயந்திரத்தின் முழு அளவில் ஒரு மாதிரி செய்து வையுங்கள். இருப்பவர்களிலேயே குட்டையானவரையும் நெட்டையானவரையும் அதன் முன்னால் நிறுத்தி, கை எட்டுகிறதா, ஸ்பானர் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு மதியம் போதும். வாங்கும் ஆர்டரிலும் ‘ஃபில்டர், கிரீஸ் அடிக்கும் நிப்பிள் எல்லாம் நின்றபடியே எட்ட வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கட்டும்.

இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை எழுதுபவர் வடிவமைப்பாளரோடு, இரவு ஷிப்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுபவரிடமும் பேச வேண்டும்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்