திடல் தேதிகளைக் கணினி போடட்டும், கணக்கு எங்களுக்கும் தெரியட்டும்

டெல்டா மாவட்டங்களில் பொருட்காட்சித் திடல்களையும் மண்டபங்களையும் வாடகைக்கு விடும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஊர் ஊராகப் போய்க் கண்காட்சிகளில் புத்தகக் கடை போடுகிறவன் எழுதுகிறேன். தஞ்சாவூரில் ஒன்று, அதே வாரம் திருவாரூரில் இன்னொன்று என்றால் எங்களுக்கு இரண்டில் ஒன்று போச்சு, பந்தல்காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் அதே பாடுதான். முதலில் அட்வான்ஸ் கட்டியவருக்குத் தேதி என்று ஒவ்வொரு திடலும் தனித்தனி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்வரை இந்த மோதல் யார் கண்ணிலும் படாது.

இதைக் கணினியிடம் விடலாம். புது மாயமெல்லாம் இல்லை, பழைய கணக்குதான். ஒரே மண்டபம், மாற்ற முடியாத தேதிகள், முடிந்தவரை நிறைய நிகழ்ச்சிகள் நடக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால், எது சீக்கிரம் முடிகிறதோ அதை எடுத்துக்கொண்டு அதோடு மோதுவதைத் தள்ளிவிட்டு மிச்சத்திலும் அதையே செய்துகொண்டு போனால் போதும். இதைவிட அதிகம் நடத்த முடியாது என்று நிரூபணமே இருக்கிறது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மதிப்பு வேறானால் இந்த வழி காலை வாரிவிடும், அதற்கு டைனமிக் புரோகிராமிங் உண்டு, அதாவது பெரிய கணக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விடையையும் குறித்துவைத்துக்கொண்டு மொத்தத்தைப் போடும் முறை. பல திடல்கள், முன்பின் நகர்த்தக்கூடிய தேதிகள், கொட்டகை போடவும் பிரிக்கவும் ஆகும் நாட்கள், மின்சார லோடு எல்லாம் சேர்ந்தால் விதிகளைச் சொன்னால் அதற்குப் பொருந்தும் அட்டவணையைத் தேடித் தரும், கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மாதிரியான மென்பொருள் வேண்டும். காசு கிடையாது, இலவசம்.

அதற்கு நாம் விதிகளைச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் நிற்கும் திடலில் எதுவும் வேண்டாம் என்பது மீறவே கூடாத விதி. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்தப் பக்கம் பஸ்ஸில் இடம் கிடைக்காது, ஆகவே முடிந்தவரை தவிர்க்கலாம். திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனை திதிப்படி வருவதால் போன வருஷ நோட்டைப் பார்த்து எழுதினால் சரிவராது. 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம், அந்த வருஷ மாசியைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் எதை அதிகமாக்கச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எனக்குப் பயம். வாடகை மட்டும் கூடட்டும் என்றால் கணினி சொன்னதை அப்படியே செய்யும்: மே மாதம் முழுக்க ராட்டினமும் தள்ளுபடிச் சேலையும்தான். பாரம்பரிய நெல் விதைத் திருவிழாவுக்குக் கார்த்திகையில் ஒரு தேதி விழும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, விதை தேடும் விவசாயி அதற்கு முன்னால் வருவார். நடவெல்லாம் முடிந்த பிறகு அவருக்கு எதற்கு அந்த விழா? (புத்தகக் கண்காட்சிக்கும் இதே கதிதான் என்பதால் நான் நடுநிலையாளன் இல்லை, சொல்லிவிடுகிறேன்.)

ஆகவே வாடகைக்கு எத்தனை மதிப்பெண், விவசாயத்துக்கு எத்தனை, உள்ளூர்க் கைவினைக்கு எத்தனை என்பதை முதலில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தேதி கிடைக்காதவருக்கு எந்த விதியில் அடிபட்டார் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். முதல் வருஷம் நோட்டும் ஓடட்டும், கணினியும் ஓடட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிரல் எழுத இங்கே உள்ள பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளே போதும். பழைய புக்கிங் நோட்டுகளை மட்டும் அவர்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புத்தகக் கடைக்காரன்