இணையவழிச் சுற்றுச்சூழல் படிப்பில் விடுபடும் களப்பணி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுற்றுச்சூழல் கல்வியை இணையவழியில் படித்து கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு) சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்கள் கேட்கிறார்கள். மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையவழிக் கல்வித் தளத்தில், ஐ.ஐ.டி.கள் இணைந்த என்பிடெல் அமைப்பு நடத்தும் படிப்புகளில் சேரும் மாணவர்களுக்கு எங்கள் கல்லூரியில் வழிகாட்டி வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை என்பதும், நேரம் கிடைக்கும்போது காணொளியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கையில் மட்டும் சேர்பவர்களே நான்காம் ஐந்தாம் வாரத்தில் காணாமல் போகிறார்கள். 12 வாரப் படிப்பில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. கெடு முடிந்தால் முடிந்ததுதான். அவற்றில் சிறந்த 8-இன் சராசரிக்கு 25 மதிப்பெண். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் கணினித் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் பெற்றாக வேண்டும். தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்கும் பாடத்துக்குத் தமிழ் எழுத்துவடிவம் கிடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியேதான் இப்பாடம் கல்லூரிகளில் கட்டாயமானது. அதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு முதலில் வகுத்த பாடத்திட்டம், உள்ளூர் ஆறு அல்லது குளத்தையும் மாசுபட்ட ஓர் இடத்தையும் நேரில் பார்த்து எழுதும் களப்பணிக்கென்றே 100-க்கு 25 மதிப்பெண்ணை ஒதுக்கியிருந்தது. இணையவழிப் படிப்பிலும் அதே 25 இருக்கிறது. ஆனால் அது சரியான விடையைச் சொடுக்குவதற்கு உரியதாகிவிட்டது.

இதனால் என்ன இழப்பு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையைக் காணொளியில் தெளிவாகவே விளக்குகிறார்கள். காற்றுக்குமிழி புகாமல் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடு கரைசலையும் விட்டால், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும்; இல்லாத நீரில் அது வெள்ளையாகவே நிற்கும். தன் தெருச் சாக்கடை கலக்கும் வாய்க்கால் நீரில் அந்த வெள்ளையைப் பார்த்த மாணவருக்கு வரையறையை மனப்பாடம் செய்யும் வேலையே இருப்பதில்லை. அதுபோலவே, வெளிநாட்டுப் பாடங்களில் பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன் அளவு) சோதனை என்றால் 20 டிகிரியில் 5 நாள் என்றிருக்கும். நம் வெப்பநிலைக்கேற்ப இந்தியத் தரநிலையோ 27 டிகிரியில் 3 நாள் என்கிறது. எந்தப் பாடத்தைப் படிக்கிறோம் என்று பாராமல் விடையைப் பொறுக்குபவருக்கு இந்த வேறுபாடு கடைசிவரை தெரியாது.

இணையவழிப் படிப்பு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. சுற்றுச்சூழலுக்கெனத் தனி ஆசிரியர் இல்லாமல், யாருக்கு வகுப்பு நேரம் குறைவோ அவர் தலையில் இப்பாடத்தைக் கட்டும் கல்லூரிகளில், துறை அறிந்தவர் நடத்தும் விரிவுரை பெரிய வரம். அந்தச் சான்றிதழை ஏற்றுக் கிரெடிட் வழங்கும் கல்லூரிகள், கூடவே உள்ளூர் நீர்நிலை ஒன்றில் களப்பணி செய்து அறிக்கை தருவதையும் நிபந்தனையாக்க வேண்டும். மேற்சொன்ன விங்க்ளர் சோதனைக்கான வேதிப்பொருள்கள் அனேகமாக எல்லாக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் இருப்பவையே. அடுத்த பருவப் பதிவு தொடங்குவதற்குள் கல்விக்குழுக்கள் இதைத் தீர்மானித்தால், மாணவர்கள் சேரும்போதே தங்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்னவென்று தெரிந்து சேர்வார்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.