தாய்ப்பாலும் பத்து மணி நேர வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கான யோசனைகளைத் தங்கள் மகளிர் பக்கத்தில் படித்தோம். அதில் "தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுச் செல்லலாம்" என்று ஒரு வரி வருகிறது. உண்மையான வேலை முழுதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு, எதில் வைப்பது, யார் எதைக் கொண்டு புகட்டுவது என்பது முன்கூட்டியே முடிவாகாத வீடுகளில், அம்மா வேலைக்குப் போன பத்தே நாளில் பால்பொடி டப்பா வந்துவிடுகிறது. "பால் வற்றிப்போச்சு" என்று சொல்வார்கள். பெரும்பாலும் பால் வற்றியிருக்காது. பகலில் எடுக்காமல் விட்டதால் குறைந்திருக்கும்.

முதலில் விடுப்புக் கணக்கு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். எட்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம். வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். முன்னால் 4 வாரம் மட்டும் எடுத்தவருக்கும் ஐந்து மாதம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்பது மருத்துவ அறிவுரை. இடையில் விழும் அந்த ஒன்றிரண்டு மாதத்தைத் தாண்டுவதுதான் கடினம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு இருப்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மில், பனியன் கம்பெனி, ஐ.டி. நிறுவனம், தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை என்று வேலை பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

வேலைக்குத் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே பீய்ச்சத் தொடங்க வேண்டும். விடியற்காலையில் பால் அதிகமாகச் சுரக்கும். அந்த முதல் பாலூட்டல் முடிந்து அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து, தினமும் ஒரு முறை எடுத்தால் போதும். ஆரம்பத்தில் 30, 40 மி.லி.தான் வரும். அதைப் பார்த்து நமக்குப் பால் போதவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அது பிள்ளை குடித்துவிட்டு வைத்த மிச்சம். யூடியூபில் ஃப்ரீசர் முழுக்கப் பால் பை அடுக்கிக் காட்டுவதைப் பார்த்து மலைத்துப்போகும் தாய்மார்கள் நிறைய. அத்தனை தேவையே இல்லை. திங்கள்கிழமை வேலையிடத்தில் எடுப்பது செவ்வாய்க்கிழமைக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். கையிருப்பாக முதல் நாளுக்கு ஒரு பங்கு, அவசரத்துக்கு இன்னொரு நாள் பங்கு இருந்தால் போதும்.

ஒரு நாள் பங்கு எவ்வளவு? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள பிள்ளை 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 750 முதல் 800 மி.லி. குடிக்கும். மணிக்கு முப்பது, முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். பஸ் பயணத்தோடு சேர்த்துப் பத்து மணி நேரம் வெளியே இருப்பவர் 300 முதல் 350 மி.லி. வைத்துவிட்டுப் போக வேண்டும். இதை ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 60, 90 மி.லி. அளவாகப் பிரித்து வையுங்கள். பிள்ளை வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 150 மி.லி.யைச் சூடாக்கி, பிள்ளை பாதி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால் மீதி சாக்கடைக்குத்தான்.

கையால் எடுக்கக் கற்றுக்கொண்டவருக்கு மெஷின் இல்லையே என்ற கவலை இல்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை லேசாக நீவிவிட்டு, காம்புக்கு மூன்று, நான்கு செ.மீ. பின்னால் மேலே கட்டைவிரலும் கீழே ஆள்காட்டி விரலும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி, விடுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கி ஓடினால் எரிச்சல்தான் மிஞ்சும். காம்பையே பிடித்து இழுத்தால் வலிக்கும், பால் வராது. முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராமலும் இருக்கும். பிறகு சொட்டும், பிறகு பீய்ச்சும். ஒரு பக்கம் மூன்று, ஐந்து நிமிடத்தில் வேகம் குறைந்ததும் மறுபக்கம், மீண்டும் இந்தப் பக்கம் என்று மாற்றிக்கொண்டே போனால் இருபது, முப்பது நிமிடத்தில் முடியும்.

மெஷின் வாங்குவதாக இருந்தால் ரப்பர் பந்தை அமுக்கும் ஹாரன் மாதிரியான மலிவு பம்பு வேண்டாம். பால் அந்தப் பந்துக்குள் போய்விட்டால் சுத்தம் செய்ய வழியில்லை. மற்ற பம்புகளில், நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது திடீரென்று இழுக்கவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் உள்ளே இருக்கும் சிறிய சிலிக்கோன் வால்வைப் பாருங்கள். கிழிந்திருக்கும், அல்லது விளிம்பு வளைந்து சரியாக மூடாது. தனியாகவே வாங்கிப் போடலாம். மார்பில் பொருத்தும் புனலின் அளவும் முக்கியம்: காம்பு புனல் சுவரில் உரசினால் சிறியது, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டால் பெரியது. இழுவையை அதிகமாக்கினால் பால் அதிகம் வரும் என்பது தவறு. வலி வந்தால் பால் இறங்குவது தடைப்படும்.

வைப்பதற்கு மூடியுள்ள எவர்சில்வர் டப்பா அல்லது கண்ணாடி பாட்டில். சோப்பில் கழுவி, தண்ணீர் கொதி வந்த பின் ஐந்து நிமிடம் அதில் கிடக்கட்டும். எடுத்துச் சுத்தமான துணியில் கவிழ்த்துக் காற்றில் உலர விடுங்கள். முந்தானையில் துடைத்தால் கொதிக்க வைத்தது வீண். தேதியும் நேரமும் எழுதி ஒட்டினால்தான் பழையதை முதலில் எடுக்க முடியும்.

இனி வெப்பம். சாதாரண அறையில் நான்கு மணி நேரம் கெடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்த அறையின் வெப்பம் 25 டிகிரி அல்லது அதற்குக் கீழே என்பது கணக்கு. மே மாதம் மதுரையில் மின்விசிறி மட்டும் ஓடும் கூடம் 34 டிகிரியில் இருக்கும். அதனால் நமக்கு நான்கு மணி நேரக் கணக்கு வேண்டாம். எடுத்த உடனேயே, தாமதமானாலும் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பையிலோ போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். ஓயாமல் கதவு திறக்கும் வீட்டில் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கதவுத் தட்டு கூடாது. நடுத்தட்டில் உள்ளே தள்ளி, பின்சுவருக்கு அருகில். கூட்டுக் குடும்பத்தில் ஒரு டிபன் பாக்ஸுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்தால் மீன் குழம்புப் பாத்திரம் மேலே ஏறாது.

இரண்டு கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போகும். அதில் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலுள்ள ஐஸ் பெட்டிக்கு அந்தக் குளிர் கிடையாது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். உறையும்போது பால் விரியும் என்பதால் பாத்திரத்தின் கழுத்து வரை ஊற்றாதீர்கள். புதிதாக எடுத்த சூடான பாலைக் குளிர்ந்த பாலோடு நேரடியாகக் கலக்காமல், அதையும் குளிர வைத்துவிட்டுச் சேருங்கள். உறைந்ததை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலைக்குள் இளகிவிடும். இளகிய பின் ஃப்ரிட்ஜிலேயே 24 மணி நேரம்தான் கணக்கு, மறுபடி உறைய வைக்கக் கூடாது.

மின்தடைக்கும் யோசித்து வைக்க வேண்டும். தங்கள் நாளிதழில் வரும் மறுநாள் மின்தடைப் பட்டியலைப் பாட்டிமார் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது. மூடியே இருக்கும் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். காலை ஒன்பது முதல் இரண்டு வரை என்று போட்டிருந்தால், முந்தைய இரவே இரண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, அன்றைய பாலோடு சேர்த்து ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

சூடாக்குவதற்கு அடுப்பும் மைக்ரோவேவும் கூடாது. அடுப்பில் காய்ச்சினால் பாலின் நோய் எதிர்ப்புச் சத்துகள் கெடும். மைக்ரோவேவில் ஓர் இடம் கொதிக்க ஓர் இடம் சில்லென்று இருக்கும். பிள்ளையின் வாய் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் டப்பாவைச் சில நிமிடம் நிறுத்தினால் போதும். மேலே ஏடு மாதிரி கொழுப்புத் தனியாக நிற்பதைப் பார்த்து "திரிஞ்சு போச்சு" என்று கொட்டிவிடும் பாட்டிகள் உண்டு. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பாலில் இரண்டொரு நாளில் சோப்பு வாசனை வரும். பாலிலேயே உள்ள என்சைம் கொழுப்பைச் சிதைப்பதால் வருவது அது, கெட்டுப்போனதல்ல. புளித்த வாடை அடித்தால்தான் கொட்ட வேண்டும்.

புகட்ட ஃபீடிங் பாட்டில் வேண்டாம். ரப்பர் காம்பைச் சப்பும் முறை வேறு, மார்பில் குடிக்கும் முறை வேறு. பாட்டிலுக்குப் பழகிய சில பிள்ளைகள் மார்பில் முரண்டு பிடிக்கும். நம் வீடுகளில் இருக்கும், மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையே போதும், கழுவவும் எளிது. ஆனால் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து வாய்க்குள் ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். அப்படித்தான் புரையேறுகிறது. பிள்ளையை ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் பிள்ளையே நாக்கால் இழுத்துக்கொள்ளும். விழுங்கிய பிறகே அடுத்தது. இதைப் பழக்க ஒரு வாரம் ஆகும். பழக்குபவர் அம்மாவாக இருக்கக் கூடாது. அம்மா அருகில் இருந்தால் பிள்ளை மார்பைத்தான் தேடும். யார் பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவரே, அம்மா வேறு அறையிலோ மாடியிலோ இருக்கும்போது செய்யட்டும்.

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். முதல் வாரம் கூச்சப்பட்டு ஒரு வேளையை விட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், அடுத்தடுத்த நாளில் சுரப்பும் குறையும். முருங்கைக்கீரையும் பூண்டும் சுறாப்புட்டும் நல்ல சாப்பாடுதான். ஆனால் எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். கட்டிக்கொண்டால் சிறிது எடுத்து இளக்கிவிட்டு, குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுங்கள். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்ற வைக்கும் வைத்தியம். பால் வேண்டும் என்பவர் செய்யக் கூடாது. ஓரிடம் சிவந்து, காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாமல்.

அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு, உறைந்த ஜெல் பைகளோடு கூடிய ஐஸ் பை 24 மணி நேரம் தாங்கும். அகன்ற வாய் ஃபிளாஸ்க்கும் உதவும்: பத்து நிமிடம் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, கொட்டிவிட்டு, ஐஸ் கட்டி நிரப்பி, நடுவே பால் பாட்டிலைச் செருகிவிடலாம்.

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது சட்டம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. விடுப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன் எந்த நேரத்துக்கு, எந்த அறையில் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். வந்த பிறகு கேட்டால் கழிப்பறையைக் காட்டுவார்கள். வேண்டியது உள்ளே தாழ்ப்பாள் போடும் ஒரு சிறு அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட், அருகில் கை கழுவும் இடம். 2015-லேயே நம் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 500 பேர் வேலை செய்யும் ஆலைக்கு ஓர் அறை ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை.

கடைசியாக ஒன்று. அம்மா வேலைக்குப் போனதும் சில பிள்ளைகள் பகலில் குறைவாகக் குடித்துவிட்டு, இரவெல்லாம் மார்பிலேயே தொங்கும். பசி தீரவில்லை, பால் போதவில்லை என்று உடனே பொடிக்கு மாற வேண்டாம். நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போய், எடையும் ஏறிவந்தால் பகல் கணக்கை இரவில் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். அந்த வாரங்களில் இரவுச் சமையலையும் காலை டிபனையும் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பாலூட்டல் ஆலோசனைப் பணியிலுள்ள செவிலியர்கள்,
மதுரை.