வாசிக்கச் சொன்ன அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்: ஒரு நன்றி மடல்

என் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை மறுபடியும் விரித்து எழுத எனக்கு மனமில்லை, அவருக்கு விருப்பமும் இல்லை. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லவே முதலில் எண்ணினேன். இரண்டாவது வசனத்துக்குள் தொண்டை அடைத்துக்கொள்வதால் எழுத்தில் சொல்வது எனக்கு இலகுவாக இருக்கிறது.

விடுதியில் இரவு பகல் பாராமல் நின்ற வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் சிற்றூழியர்களுக்கும், உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் அகாலத்தில் வந்து இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், கிண்ணியாவிலிருந்து மதியச் சாப்பாடு அனுப்பிய நண்பரின் வீட்டாருக்கும், பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், நான் கேட்கும் முன்பே விடுமுறையை ஒழுங்குசெய்த அலுவலகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்களை எழுதத் தொடங்கினால் யாராவது விடுபட்டுப் போவார்கள் என்ற பயத்தினால்தான் எழுதவில்லை.

இம்மடலின் மீதிப் பகுதி ஒருவருக்கு உரியது. தன் பெயரைப் போடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் சம்பூர் அம்மா என்றே குறிப்பிடுகிறேன்.

நான் நீர்ப்பாசனப் பொறியியலாளன். பேராதனையில் படித்த காலந்தொட்டுக் கடவுள் இல்லை என்பதே என் நிலைப்பாடு. அதை எந்தச் சபையிலும் சொல்ல நான் தயங்கியதில்லை. திருகோணமலையில் பிறந்தவன் என்பதால் என்னிடம் ஆயத்தமான ஒரு வாதமும் இருந்தது. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டபோது தன் வீட்டைக் காக்காத தெய்வம், என் வீட்டை எப்படிக் காக்கும் என்று கேட்பேன். என் மனைவி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் கோணேசர் கோயிலுக்கு மலையேறிப் போய்க் கும்பிட்டு வரும்வரை, இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டைக்குள் மான்கள் திரியும் மரநிழலில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம்.

அவர் வைத்தியசாலையில் இருந்த நாட்களில் என்னை மிகவும் வருத்தியது, செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லாமற் போனதுதான். குளக்கட்டு உடைப்பெடுத்தால் யாரை அழைப்பது, எத்தனை மண்மூட்டை அடுக்குவது என்று தெரிந்தவன், அந்த விறாந்தை வாங்கில் கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். ஆறுதல் சொன்னவர்கள் பலர். நேர்த்தி வைக்கச் சொன்னவர்களும் சாத்திரம் பார்க்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அன்பினால் சொன்னார்கள் என்பது விளங்கினாலும், அப்போது எனக்கு எரிச்சலே வந்தது.

அதே விடுதியில் தன் மகளை வைத்திருந்த ஓர் அம்மா, ஒரு மாலை நேரம் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, ஒரு சிறிய புத்தகத்தை நீட்டினார். “தம்பி, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். இதைக் கொஞ்சம் வாசிச்சு விடுவீங்களோ?” என்று கேட்டார். கோணேசர் கோயில் இருக்கும் கோணமாமலையைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் அது. முதியவர் ஒருவர் கேட்கும் உதவியை மறுக்க முடியாததால், அலுவலகக் கோப்பை வாசிக்கும் குரலில் வாசித்தேன். நான் சொற்களைப் பிழையாகப் பிரித்த இடங்களில் அவர் மெதுவாகத் திருத்தினார். “தாயினும் நல்ல தலைவர்” என்று தொடங்கும் பாட்டில் எனக்குக் குரல் எழவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பாராமல், கண்களை மூடியபடி மீதி அடிகளைத் தானே இராகத்தோடு பாடி முடித்துவிட்டு, “அடுத்ததை வாசியுங்கோ” என்றார்.

மறுநாள் மருந்துத் துண்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் வாசிப்பதைக் கண்டேன். அன்று மாலையிலும் புத்தகத்தை என்னிடமே நீட்டினார். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வாசித்தேன். 2006 இல் போரினால் தன் ஊரான சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது புத்தகங்கள் உட்பட எல்லாவற்றையும் விட்டு வந்ததாகவும், முகாமில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பதிகத்தை நினைவிலிருந்தே எழுதியதாகவும் பின்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். நாட்கள் போகப்போக விறாந்தையில் காத்திருந்த வேறு சிலரும் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள்; தமிழ் விளங்காத ஒரு சிங்களத் தாயும் அவர்களுள் ஒருவர். உரைப்பவரோடு கேட்பவரையும் சேர்த்தே வாழ்த்துகிறது பதிகத்தின் கடைசிப் பாட்டு. அதை வாசிக்கும்போதெல்லாம் அந்த வாங்கில் இருந்தவர்களின் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

பதிகம் படித்ததால் நோய் தீர்ந்தது என்று நான் எழுதமாட்டேன். அது வைத்தியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும். வேண்டிக்கொண்டும் தம்மவரை இழந்து அதே விறாந்தை வழியாக வெளியேறியவர்களுக்கும் அது அநீதி. என் பழைய வாதத்துக்கும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் 1950 இல் இந்நகரில் கிணறு தோண்டியபோது பழைய கோயிலின் விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டதையும், 1963 இல் மலையுச்சியில் மீண்டும் கும்பாபிஷேகம் நடந்ததையும் அறிந்திருந்தும், இத்தனை காலமும் இடித்தவர்களைப் பற்றியே பேசிவந்தேன். அந்த விக்கிரகங்களைப் புதைத்துக் காத்தவர்கள் யார் என்று இப்போது யோசிக்கிறேன். நம்பிக்கை வந்த பிறகு கும்பிடத் தொடங்கியவனல்லன் நான். ஒருவருக்காக வாசித்து வாசித்தே இங்கு வந்து சேர்ந்திருக்கிறேன். இப்போது மாலையில் திருநீறு பூசிப் பதிகம் ஓதுகிறேன். திங்கட்கிழமைகளில் வாகனத்தை விட்டிறங்கி மலையேறுகிறேன்.

என் பகுத்தறிவு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இரத்தம் கொடுக்க முதலில் வந்தவர்கள் நீங்கள்தான். நெற்றியைக் கண்டு நீங்கள் செய்யும் கேலிக்கும் நன்றி. அதுவும் இல்லாவிட்டால் நமக்குள் ஏதோ கசப்பு என்று கவலைப்பட்டிருப்பேன்.

வயதானவர்கள் சிரமமின்றி வாசிக்கக்கூடியதாக, கோணமாமலைப் பதிகத்தைப் பெரிய எழுத்தில், சீர் பிரித்து அச்சிட்டு வைத்தியசாலையில் காத்திருப்போருக்கு இலவசமாகக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். மகளோடு நலமாக வீடு திரும்பியிருக்கும் சம்பூர் அம்மா அச்சுப்பிழை பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்ணாடி கையில் இருக்கிறதாம்.