பெயர் தவறிப்போனது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

வெள்ளவத்தையில் இந்தக் கடைக்கு வரும் உங்களில் பலரை முகம் பார்த்தே தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் ஒருவர் கேட்டிருந்த, வேறொருவர் புதுப்பிக்காமல் விட்ட டொட் கொம் பெயரை, அதாவது .com என்று முடியும் இணையத்தள முகவரியை, எங்களால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. ஆட்கள் வந்து கேட்கும் பெயர்களை நாங்களே பிடித்து, கூடிய விலைக்கு விற்கிறோமாம். அப்படி ஒரு பெயர்கூட எங்களிடம் இல்லை. என் வீட்டாரிடமும் இல்லை. இதை எழுதவே மனம் வலிக்கிறது.

நடப்பது இதுதான். புதுப்பிக்காத டொட் கொம் பெயர் உடனே விடுபடாது. பதிவு செய்த கொம்பனி அதை அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். பிறகு 30 நாள், பழைய உரிமையாளர் மேலதிகக் காசு கட்டி மீட்கலாம். கடைசி 5 நாள் யாருமே தொட முடியாது. அப்புறம்தான் டொட் கொம் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் கொம்பனி அதை அழிக்கும், பிறகு யாரும் எடுக்கலாம். அந்த நேரம் இங்கே அநேகமாக இரவு பதினொன்றரை, அமெரிக்கக் குளிர்காலத்தில் பன்னிரண்டரை. இணையப் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பின் பதிவு அங்கீகாரங்களை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் பெரிய கொம்பனிகள் அந்த நொடியில் ஒன்றாக முட்டும். நாங்கள் அவர்களில் ஒருவரிடம் பேக்ஓடர், அதாவது பெயர் விடுபட்டதும் பிடித்துத் தரும்படி முன்பதிவு, போடுகிறோம், அவ்வளவுதான். நல்ல பெயர்கள் பெரும்பாலும் அதுவரை வருவதே இல்லை. பதிவுக் கொம்பனியே முன்கூட்டி ஏலத்தில் விட்டுவிடும். தவறிய பெயரும் அப்படித்தான் போனது. "கட்டாயம் கிடைக்கும்" என்று எங்கள் கவுண்டரில் சொன்னது பிழை. அதற்காக அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

செலவும் கூடிவிட்டது. 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. பதிவுக் கொம்பனிகள் வெரிசைனுக்குக் கட்டும் டொட் கொம் மொத்த வியாபார விலையும், ஒரு வருடத்துக்கு, 2024 செப்டெம்பரில் 10.26 டொலரானது. இரவு வேலை பார்த்த தம்பியும் வெளிநாடு போய்விட்டார். ஆகவே வரும் மாதம் முதல், பெயர் கிடைக்காவிட்டாலும் முற்பணத்தில் 1,500 ரூபா கழியும்.

2022 மின்வெட்டு நாட்களில் டோர்ச் வெளிச்சத்தில் நின்று புதுப்பித்துப் போனவர்களை மறக்கவே மாட்டேன். இந்தக் கடை இன்றும் திறந்திருப்பது உங்களால்தான்.

உங்கள் சொந்த இணையத்தளப் பெயர் எந்தத் திகதியில் முடிகிறது என்று தெரியாவிட்டால் வாருங்கள். பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 6